மெயின்லேண்ட் மாத்திரை

எங்கள் தீவில் மாத்திரைக்கும் ஊர் உண்டு. உள்ளூர்க் கடையில் வாங்கினால் அது வெறும் மாத்திரை. சென்னைக்குப் போய்வருகிறவர்கள் கொண்டுவந்தால் 'மெயின்லேண்ட் மாத்திரை'. அதற்குத்தான் மரியாதை. இரண்டுமே கப்பலில்தான் வருகின்றன என்று சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

வண்டூரில் அக்கா வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய பாதி பாதியாக வெட்டிய மாத்திரை அட்டைகள் இருந்தன. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடுவாள். மீதி டப்பாவுக்குள் போகும். நான் போர்ட் பிளேரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் கிருமி வளர்த்துப் பார்க்கிறவள். அந்த டப்பாவைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"தூக்கிப் போடுக்கா."

"கப்பல் வருமா வராதான்னே தெரியாத ஊர்ல எவடி தூக்கிப் போடுவா? மௌசம் கெட்டு காத்தும் மழையுமா ஆனா உன் லேபா வந்து நிக்கும்?"

பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளுக்கு இருமல் என்றால் வேலிக்கு மேலே ஓர் அட்டை போகும். அங்கிருந்தும் இங்கே வரும். மீன் குழம்பு போகிற வழிதான்.

போன மழைக்காலத்தில் அக்காவுக்கு நீர்க்கடுப்பு. டப்பாவைத் திறந்து அவளே வைத்தியம் பார்த்துக்கொண்டாள். குளிர் நடுக்கத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது.

அவள் ரத்தம் என் மேஜைக்கே வந்தது. கிருமி பரப்பிய தட்டில் மருந்து தோய்ந்த காகித வில்லைகளை வைப்போம். மருந்து வேலை செய்தால், வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவான வட்டம் விழும். அக்காவின் தட்டில் ஒரு வட்டமும் இல்லை. இன்னொரு தட்டு போட்டேன். அதுவும் அப்படியே.

வார்டு டாக்டர் போன் செய்தார். "குச் தோ காம் கரேகா?" ஏதாவது ஒன்றாவது வேலை செய்யுமா என்று கேட்டார். "நஹீ சார்" என்றேன்.

அக்கா போய்விட்டாள். அந்தக் கிருமியின் மரபணுச் சோதனை முடிவு மெயின்லேண்டிலிருந்து அதன்பிறகுதான் வந்தது. பிளாஸ்மிட் என்ற சின்ன மரபணு வளையம். மருந்தை உடைக்கும் நொதியைச் செய்யும் மரபணு அதில் இருந்தது. ஒரு கிருமி இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு அந்த வளையத்தின் நகலைக் கொடுத்துவிடும். தன் இனமாக இருக்க வேண்டும் என்றுகூடக் கிடையாது. ஒவ்வொரு அரைகுறை வைத்தியத்திலும் வளையம் இல்லாதவை செத்திருக்கும், இருந்தவை பெருகியிருக்கும். வேலிக்கு மேலே நடந்த கொடுக்கல் வாங்கல் அவள் வயிற்றுக்குள்ளும் நடந்திருக்கிறது. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள், ஆஸ்பத்திரிக் குப்பையோடு எரித்துவிடலாம் என்று டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வேலியோரம் வங்காளி அம்மாள் நின்றிருந்தாள். அக்காவுக்காக அழுதழுது கண் வீங்கியிருந்தது. பேத்திக்குக் காய்ச்சலாம்.

"தீதி கா கோலி பச்சா ஹை க்யா?" அக்காவின் மாத்திரை மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள்.

டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டேன். "குழந்தையைத் தூக்கிட்டு வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று இந்தியில் சொன்னேன். அவள் டப்பாவையே பார்த்தாள்.

"தீதி ஹோத்தா தோ தே தேத்தா" என்று முனகினாள்.

அக்கா இருந்தால் கொடுத்திருப்பாள். கொடுத்திருப்பாள்தான்.