மலை அணிலுக்கு நான் போட்ட நிறம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இராஜபாளையத்தில் ஒரு போட்டோ கலர் லேபில் பிரிண்ட் போடும் வேலை பார்த்தேன். பெரும்பாலும் கல்யாணப் படங்கள்தான். பட்டுச்சேலைச் சிவப்பை எடுப்பாகக் கொண்டுவருவதில் என்னை அடிக்க ஆளில்லை என்று முதலாளி அண்ணாச்சியே சொல்லுவார்.

எங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் இருந்தார். பேண்டேஜ் துணிக் கம்பெனி நடத்தியவர். ஞாயிற்றுக்கிழமையானால் பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் செண்பகத்தோப்புக் காட்டுக்குப் போய்விடுவார். அங்கே மர உச்சிகளில் திரியும் சாம்பல் நிற மலை அணில் என்றால் அவருக்கு உயிர். "காட்டுல பார்த்த மாதிரியே இருக்கணும்மா" என்று பிலிமை என்னிடம்தான் கொடுப்பார். நான் அந்தக் காட்டைப் பார்த்ததே இல்லை. வெயிலைப் பொன்னாக்கி, அணிலைச் செக்கச்செவேலென்று ஆக்கிக் கொடுப்பேன். செத்த நேரம் பார்த்துவிட்டு, உறையில் போட்டுக்கொண்டு போவார்.

பிறகு மம்சாபுரத்திலிருந்து ஒருத்தி வேலைக்குச் சேர்ந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஒருநாள் அவர் கொண்டுவந்த நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சார், இதை எத்தனை மணிக்கு எடுத்தீக? வெயில் எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. விடிந்த நேரம், புளியமரம், கீழே நிழல் என்று நின்றபடியே சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை வருசத்தில் என்னிடம் அவர் அப்படிப் பேசியதில்லை. நானும் ஒன்றும் கேட்டதில்லைதான். ஆனால் அப்போது அது புத்தியில் ஏறவில்லை.

அவள் நாலு டெஸ்ட் பிரிண்ட் போட்டாள். பிரிண்ட் போடும் விளக்கின் பில்டரில் மஞ்சளைக் கொஞ்சம் கூட்டினால் படத்தில் மஞ்சள் குறையும். அப்படிக் கூட்டிக் குறைத்து ஒரு நிறத்துக்கு வந்தாள். அணில் சாம்பலாக இருந்தது. முடி நுனிகளில் வெள்ளைப் பொட்டு தெரிந்தது. வெயில் பட்ட முதுகில் மட்டும் இளஞ்சூடு.

"இதே அணில்தாம்மா!" என்றார் அவர். "இனிமே இந்தப் பிள்ளையே போடட்டும்."

அன்றைக்கு அவள் டிபன் பாக்ஸ் திறக்கிற சத்தம்கூட எனக்கு ஆகவில்லை.

அந்த மாதமே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவருடைய படங்களைக் கண்காட்சியாக வைக்க ஏற்பாடானது. எல்லாம் சுவரில் மாட்டும் பெரிய படங்கள். பெரிய தாளில் டெஸ்ட் போட்டு வீணாக்கக் கூடாது என்று அண்ணாச்சி கறாராகச் சொல்லிவிட்டார். அவள் சின்னப் படத்தில் சரிபார்த்து, பில்டர் எண்களை உறையின் மேல் எழுதி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். நான் பேனாவை எடுத்து, மஞ்சளுக்கு நேரே இருந்த எண்ணில் 1-ஐ 7 ஆக்கினேன். ஒரே கோடு.

அவள் சாப்பிட்டு வந்து, அவசரத்தில் உறையில் இருந்த எண்களையே வைத்துப் போட, பெரிய படம் நீலம் பாய்ந்து வந்தது. அணில் மழையில் நனைந்து செத்ததுபோல் கிடந்தது. அண்ணாச்சி எல்லார் முன்னாலும் அவளைத் திட்டினார். அவள் உறையை எடுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் ஏழு போட்டா நடுவுல ஒரு கோடு போடுவேன்க்கா" என்றாள் மெதுவாக. அதற்குமேல் யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருட்டறைக்குள் போய் மறுபடி போட ஆரம்பித்தாள்.

சாயங்காலம் நானே அவளிடம் போனேன். "நாந்தாம்ட்டி மாத்துனேன்."

"தெரியும்க்கா."

"அப்ப ஏன் அண்ணாச்சிகிட்ட சொல்லல?"

"சொன்னா உங்களை வேலையை விட்டு நிப்பாட்டிருவாக. நமக்கு எதுக்கு அந்தப் பாவம்?"

அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு லேசாகப் போயிருக்கும். அதிலும் அவள் என்னைவிட உசத்தியாகிவிட்டாளே என்றுதான் தோன்றியது. மறுநாள் அண்ணாச்சியிடம் உண்மையைச் சொன்னேன். வேலையை விட்டு எடுக்கவில்லை. ஒரு வாரம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, அவ்வளவுதான்.

கண்காட்சிக்கு இரண்டு பேரும் ஒரே டவுன் பஸ்ஸில் போனோம். வந்தவர்களிடமெல்லாம் படம் எடுத்தவர் அவளைக் காட்டி, "கலர் போட்டது இவுகதான்" என்றார். நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அங்கிருந்து அவளையும் என்னையும் அவர் தன் ஜீப்பில் செண்பகத்தோப்புக்குக் கூட்டிப் போனார். உச்சாணிக் கிளையில் வாலைத் தொங்கவிட்டு அந்த அணில் உட்கார்ந்திருந்தது. அவள் போட்ட நிறம்தான், கொஞ்சமும் பிசகில்லை. அவள் என் தோளைத் தொட்டு, "பார்த்தீகளாக்கா?" என்றாள். நான் திரும்பி ஜீப்பைப் பார்த்து நடந்தேன்.

இரண்டு வருசம் கழித்து மதுரையில் பெரிய லேபில் வேலை கிடைத்து அவள் போய்விட்டாள். லேபில் எல்லாரும் வருத்தப்பட்டார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்ல இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.