அவசரம் இல்லீங்க

புதுப் போனின் முகத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளை உரிக்கிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடையில் ஒன்பது வருடம் கவுண்டரில் நின்றவன் நான். அந்தத் தாளை நான் உரிக்கவே மாட்டேன், வாங்குகிறவர் கையில் கொடுத்துவிடுவேன். ஐம்பது வயது ஆள்கூட அந்த நேரத்தில் சின்னப் பிள்ளை ஆகிவிடுவார். இப்போது சொந்த ஊரான சத்தியவேட்டுக்கே வந்து சின்னதாகக் கடை போட்டிருக்கிறேன். ஊரே ஆன்லைனில் போன் வாங்கிவிட்டு, என்னிடம் வெறும் கண்ணாடி ஒட்ட வருகிறது. வயிற்றெரிச்சல்தான், வேறென்ன!

அந்த நாளில் ஆள் படியேறும்போதே எந்தப் போனுக்கு வந்திருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். புத்தூர், நகரி பக்கத்து ஜனம் வந்தால் கேள்வி மூன்றுதான். சார்ஜ் எத்தனை நாள் நிற்கும், ரெண்டு சிம் போடலாமா, மோட்டார் ஓடும்போது ரிங் கேட்குமா? விலை குறைந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, காதில் வைத்து, கீழே விழுந்தால் என்னாகும் என்று கேட்டு, ஒரு மணி நேரம் நம் உயிரை வாங்குவார்கள். விலை உயர்ந்த போனுக்கு வருகிறவர் ஒன்றுமே கேட்க மாட்டார். பின்பக்கத்துக் கம்பெனி அடையாளம் தெரிகிற மாதிரி ஒரு கவர் இருக்கிறதா என்று மட்டும் கேட்பார். போனின் முன்பக்கம் நாம் பார்க்க, பின்பக்கம் ஊர் பார்க்க. ஒன்பது வருடத்தில் நான் கற்ற வியாபாரம் இவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. பலமனேரில் தக்காளி விலை ஏறினால் எங்கள் கடையில் பெரிய போன் போகும். இறங்கினால் அதே விவசாயி வந்து சின்ன போனுக்கே தள்ளுபடி கேட்பார். கம்பெனிக்காரன் விளம்பரத்துக்குக் கொட்டுகிற காசைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். அவனுக்குத் தக்காளியைப் பற்றி என்ன தெரியும்?

ஒரு நாள் மெட்ராஸ்காரர் ஒருவர் காலையில் எங்களிடம் இருந்ததிலேயே பெரிய போனை வாங்கினார். முகத்தைக் காட்டினால் திறக்கும் என்று நான்தான் பெருமையாக அமைத்துக் கொடுத்தேன். மறுநாள் மலையிலிருந்து இறங்கி நேராகக் கடைக்குள் வந்து கத்தினார். தலை, மீசை, தாடி எல்லாம் மழித்து மொட்டை.

"யோவ், இவ்ளோ துட்டு குடுத்து வாங்கினேன், என்னையே யாருன்னு கேக்குதுய்யா! தொறக்கிற நம்பரும் மறந்து போச்சு."

"சாமிக்கு முடி குடுத்தீங்க சரி, போனுக்கு யாரு சொல்றது சார்?" என்றேன்.

பக்கத்தில் நின்ற அவர் சம்சாரமும் மொட்டைதான். அந்தம்மா கையில் இருந்த சின்ன போன் விரலை வைத்ததும் திறந்தது. கடையே சிரித்தது. அந்தம்மாதான் அதிகமாகச் சிரித்தார்.

என் மனைவி கையில் இருந்ததும் சின்ன போன்தான். அவள் சித்தூர்க்காரி, வீட்டில் பேசுவது தமிழ்தான். கல்யாணமான வருடம் நானே எடுத்துக் கொடுத்தது. அப்போது அவளுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. ஏழு வருடம் அதே போன். அவள் அம்மாவிடம் பேச ரெண்டாவது சிம் வேண்டும், அந்தச் சிம்மைப் போட்டால் மெமரி கார்டுக்கு இடமில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பண்ணினேன்? ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

கேட்காமல் இல்லை. வருடா வருடம் உகாதி ஆஃபர் வந்தால் கேட்பேன்.

"உனக்கு நல்லதா ஒண்ணு எடுக்கலாமா?"

"இப்ப அவசரம் இல்லீங்க" என்பாள்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை என்று அர்த்தம். காலையிலிருந்து ராத்திரி வரை தெலுங்கிலேயே வியாபாரம் பண்ணுகிறவன் நான். "அவசரம் லேது" என்று ஒரு வாடிக்கையாளர் சொல்லிவிட்டால் வேண்டாம் என்று பொருள், அதற்கு மேல் வற்புறுத்தக் கூடாது என்பது எங்கள் தொழில் பாடம். அந்தக் காதை அப்படியே வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டேன். அவளுக்குப் போன் தேவையில்லையாம்! உள்ளுக்குள் எனக்கு நிம்மதி, பொய் சொல்லக் கூடாது. என் பொண்டாட்டிக்கு ஆசை என்பதே கிடையாது என்று கடையில் பீற்றிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் அவள் சாப்பாட்டுக் கேரியரோடு கடைக்கு வந்தாள். நான் ஒரு வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். அவள் கண்ணாடி மேசையில் காட்சிக்கு வைத்திருந்த பெரிய போனை எடுத்து, தைக்கக் கொண்டுவந்திருந்த எங்கள் மகளின் ஸ்கூல் பையைப் படம் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே நின்ற சேல்ஸ் பெண் தெலுங்குக்காரி.

"அக்கா, மீக்கு போன் அவசரமா?" என்று கேட்டாள்.

தெலுங்கில் கேட்டதற்குத் தெலுங்கிலேயே பதில் சொன்னாள் என் மனைவி. "அவசரமே. கானி தொந்தர லேது."

தேவைதான், ஆனால் அவசரப்படவில்லை. தமிழில் அவசரம் என்கிறதற்குத் தெலுங்கில் தொந்தர. ஏழு வருடமாக இவள் என்னிடம் தமிழில் சொன்னதும் அதேதான். வேண்டும், ஆனால் உங்களால் முடியும்போது போதும். என் வெட்கம் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"வாயத் தொறந்து வோணும்னு சொன்னா இன்னா கொறைஞ்சா பூடுவ?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

அவள் கேரியரை மேசைமேல் வைத்தாள். "வருசா வருசம் சொல்லிக்கினுதான கீறேன்" என்றாள்.

அன்றைக்கே தவணையில் அந்தப் போனை எடுத்தேன். சாயங்காலம் வீட்டில் மகள்தான் தாளை உரித்தாள். நான் பழைய போனிலிருந்த படங்களைப் புதியதற்கு மாற்றினேன். ஒவ்வொன்றாக ஏற ஏற மூன்று பேரும் தலையை ஒட்டிக்கொண்டு பார்த்தோம். மகள் தவழ்கிறாள், முதல் நாள் ஸ்கூலுக்கு அழுகிறாள், சந்திரகிரிக் கோட்டையில் ஐஸ் தின்கிறாள். நான் பைக் துடைக்கிறேன், வாயைப் பிளந்து தூங்குகிறேன். எத்தனை நல்ல நாட்கள், எல்லாம் மறந்தே போயிருந்தன! முழுதும் ஏறி முடிந்தது. மறுபடி முதலிலிருந்து தள்ளிப் பார்த்தேன்.

"இன்னா இது, நீ ஒண்ணுல கூட இல்ல?"

"எடம் பத்தலீங்க. புதுசா ஒண்ணு எடுக்கணும்னா பழசு ஒண்ண அழிக்கணும். கொழந்தயத அழிக்க மனசு வர்ல. உங்களுதும் வர்ல."

அவள் அதை வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்கிற மாதிரித்தான் சொன்னாள். ஒரே ஒரு படமாவது தப்பியிருக்கும் என்று ஆசை. வளைகாப்பு அன்றைக்கு, ரெண்டு கையிலும் கண்ணாடி வளையலோடு, மூக்கெல்லாம் சந்தனமாக அவள் சிரித்ததை நானே என் கையால் அவள் போனில் எடுத்தேன். அது எங்கே என்று கேட்டேன்.

"அதான் மொதல்ல போச்சு" என்றாள். "அதுல நான் மட்டுந்தான இருந்தேன்."