ஏழாவது வளைவின் முளைகள்

பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஓவர்சியர் வேலை பார்த்தவன், நாடா பிடித்து அளந்து பார்க்காமல் எதையும் ஒத்துக்கொண்டது கிடையாது. அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. ஆனால் நடந்தது.

கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறும் சாலை ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தோம். ஏழாவது கொண்டை ஊசி வளைவுக்கு நான் ஒரு கோடு போட்டேன், இன்னொரு ஓவர்சியர் செல்வராசு ஒரு கோடு போட்டான். என்னுடையது பாறையை வெட்டிக்கொண்டு நேராக ஏறும், தூரம் கம்மி. அவனுடையது பாறையைச் சுற்றிக்கொண்டு, வெளி ஓரத்தை உயர்த்தி, வளைவில் மட்டும் அகலத்தைக் கூட்டிக்கொண்டு போகும். பெரிய இன்ஜினியர் இரண்டையும் பார்த்துவிட்டு, பாரம் ஏற்றிய லாரி திணறாமல் ஏறுகிற கோடு இதுதான் என்று எல்லோர் முன்னாலும் அவன் முதுகில் தட்டினார். என்னைவிடப் பத்து வயது சின்னவன். மறைத்து என்ன ஆகப்போகிறது, அவன் சாப்பிடுவதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிந்தது.

அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். கீழே சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் கிடையாது. ஊருக்குப் போயிருந்த செல்வராசு திருக்கோவிலூரிலேயே மாட்டிக்கொண்டான். கூலியாட்களும் வரவில்லை. மலை முகாமில் நானும் சமையல்காரரும்தான், அவருக்கு மூட்டு வலி, முகாமை விட்டு நகர மாட்டார்.

பட்டப்பகலில் ஏழாவது வளைவுக்கு நடந்தேன். சாலை வரவேண்டிய இடத்தைக் காட்ட அவன் அடித்து வைத்திருந்த மர முளைகள் பதினொன்று. ஒவ்வொன்றையும் பிடுங்கி இரண்டு முழம் உள்ளே தள்ளி அடித்தேன். அதை நம்பி வெட்டினால் வளைவு இறுகிப்போகும், லாரி திரும்பாது, அவன் பேர் கெடும். லாரி உருண்டால் என்ன ஆகும் என்று சத்தியமாக நான் யோசிக்கவில்லை.

மறுநாள் போய்ப் பார்க்கிறேன், பதினொன்றும் பழைய இடத்தில் நிற்கின்றன. நான் அடித்த குழிகளில் மண் தள்ளி மிதித்திருந்தது. மலைக்காரர்கள் யாரோ செய்த வேலை என்று நினைத்து மறுபடி பிடுங்கி அடித்தேன். அடுத்த நாளும் அதே கதை. அளந்து பார்த்தேன், நம்பினால் நம்புங்கள், அரை விரல்கூடப் பிசகவில்லை. அளவைக் கருவி இல்லாமல் அப்படி அடிக்க யாராலும் முடியாது, கருவிப்பெட்டியின் சாவி என் இடுப்பில் இருந்தது. மூன்றாவது தடவையும் பிடுங்கினேன். நான்காம் நாளும் அவை பழைய இடத்திலேயே நிற்பதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பயம்கூட அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம், இவன் போட்ட கோட்டைக் காவல் காக்கக்கூட ஆள் இருக்கிறதே என்று.

பஸ் விட்டதும் நேராக அவன் வீட்டுக்குப் போனேன், கேட்கவா சொல்லவா என்று எனக்கே தெரியாமல். கட்டிலில் கிடந்தான். மூன்று நாளாக அனல் காய்ச்சல், எழுந்து உட்காரக்கூட இல்லை என்று அவன் மனைவி சொன்னாள். அவன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினான். சம்மட்டி பிடித்த கைபோலக் கொப்புளம், இரண்டு உடைந்திருந்தன.

“இன்னான்னே தெரிலண்ணா. மூணு நாளும் கனவுல முளை அடிச்சிக்கினே இருந்தேன். ஒருத்தன் வந்து வந்து புடுங்கிக்கினே இருக்கான்.”

யார் என்று கேட்டேன்.

“மூஞ்சி தெரில. அழுதுகினே புடுங்கினான். பாவமா இருந்திச்சி, அதான் ஒண்ணும் சொல்லல.”

அதைச் சொல்லும்போது அவன் என் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

உங்களிடமும் இதுவரை சொல்லவில்லை. முளை பிடுங்கிய மூன்று நாளும் நான் அழுதேன். அந்த மலையில் என்னைப் பார்க்க ஒரு ஈ காக்கை கிடையாது. அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். என்னைப் பார்த்துப் பாவப்பட்டானே, அதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.