ரெக்சின் அண்ணனின் முறைக்காய்ச்சல்

குளிர் அவருக்கு மூன்று மணிக்கு வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டேமுக்காலுக்கே கொட்டாவி விடத் தொடங்குவார். நகங்கள் நீலம் பாரிக்கும். பிறகு இரும்புக் கட்டில் சுவரில் மோதி மோதிச் சத்தம் போடும். அது அடங்கினால் சூடு. சூடு இறங்கினால் மெத்தை நனையும் அளவுக்கு வியர்வை. ஏழு மணிக்கு எழுந்து முகம் கழுவிக்கொண்டு, "இந்த ஒழுங்கு பஸ்ஸுக்கு இருந்தா நம்ம நாடு எப்பவோ உருப்பட்டிருக்கும்" என்பார்.

அடைக்கலம் கேட்டு வந்தவர்களைத் தங்கவைக்கும் விடுதியில் நானும் அவரும் ஒரே அறை. கீழ்க்கட்டில் அவருக்கு, மேல்கட்டில் எனக்கு. ஊரில் பஸ்களுக்கும் வேன்களுக்கும் ரெக்சினில் சீட் தைத்தவர். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் முதலில் ஒரு தட்டுத் தட்டி, "பஞ்சு மட்டம்" என்றோ "தையல்காரன் சோம்பேறி" என்றோ தீர்ப்புச் சொல்வார். விடுதியில் யாருடைய பை கிழிந்தாலும், ஜிப் சிக்கினாலும் அவரிடம்தான் வரும். என்ன வேலை செய்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவருக்குத் தெரிந்த ஒரே வேற்றுமொழிச் சொல்லைச் சொன்னார். அதனால் எல்லோருக்கும் அவர் ரெக்சின். எனக்கு ரெக்சின் அண்ணன்.

விடுதியிலிருந்து வெளியே போகலாம், வரலாம். ஆனால் தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு வரவேற்பு மேசையில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு நாள் தவறினால் ஓடிப்போனவர் என்று குறித்துவிடுவார்கள், மனு மூடப்படும். ஆக, நூறு பேர் நிற்கும் அந்த வரிசையில், சரியாகக் குளிர் ஏறும் நேரத்தில், இரண்டு ஸ்வெட்டரும் என் கோட்டும் போட்டுக்கொண்டு, பற்களைக் கடித்தபடி அவர் நிற்பார். நான் பின்னால் ஒட்டி நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்வேன். மேசைக்காரப் பெண்மணி ஒருநாள், பதிவேட்டில் ஒரு நாள் நேராகவும் மறுநாள் கோணலாகவும் இருந்த கையெழுத்துகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு நாள் நீ போடுகிறாய், மறுநாள் உன் தம்பி போடுகிறானா?" என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"தம்பி இல்ல, மாமியார் போடுறாங்கன்னு சொல்லு" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண்மணி சிரித்தார். அண்ணனின் தாடை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

டாக்டரிடம் போகாமல் இல்லை. முதல் வாரமே விடுதி நர்ஸிடம் போனார். கடந்த ஒரு வருடத்தில் எந்தெந்த நாட்டில் இருந்தீர்கள் என்று அவர் கேட்டார். "எங்கயும் இல்ல. எங்க ஊர்ல பிளேன் ஏறினேன், இங்க இறங்கினேன்" என்றார் அண்ணன். எங்கள் நாட்டில் இப்படி முறை வைத்து வரும் கொசுக்காய்ச்சல் ஒழிந்து பல வருடமாகிறது. நர்ஸ் வைரஸ் காய்ச்சல் என்று எழுதி ஒரு அட்டை மாத்திரை கொடுத்தார். அது தீர்ந்ததும் இன்னொரு அட்டை.

பொய் என்று எனக்குத் தெரிந்தது ஒரு சாயங்காலம், வியர்வை அடங்கி அவர் சட்டை மாற்றும்போது. "பிளேன்ல வந்தது பாதிதான்டா தம்பி" என்றார். நடுவில் ஒரு நாட்டில், ஆற்றோரக் காட்டுக்குள், தகரக் கொட்டகையில் பதினோரு பேரை ஏஜெண்ட் நான்கு மாதம் வைத்திருந்தான். கடைசியில் பிளேன் ஏற்றிவிடும்போது மனப்பாடம் செய்யவைத்தான்: 'நடுவுல ஒரு நாட்டுப் பேரும் உன் வாயில வரக் கூடாது. வந்தா, அங்கேயே ஏன் அடைக்கலம் கேட்கலைன்னு கேட்பாங்க. அவ்வளவுதான், திருப்பி ஏத்திடுவாங்க.' முதல் விசாரணையில் அண்ணன் அதை அப்படியே ஒப்பித்துவிட்டார். அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். ஆனால் அது முதல் பக்கத்தில் இருந்தது. அதன் கீழே அவர் கையெழுத்தும்.

"இப்ப டாக்டர் ரத்தத்தைப் பார்த்தான்னு வை, கொசு எந்த ஊருன்னு கேட்பான். கொசுவுக்கு வேற பிளேன் டிக்கெட் காட்டணும் நான்."

மனு ஏற்கப்பட்டால் மனைவியையும் மகளையும் கூப்பிட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால், எந்த வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு அவரைத் தேடி வந்தார்களோ, அந்த வீட்டுக்கே திரும்ப வேண்டும். அதனால் காய்ச்சலை மறைத்தார். இரண்டாவது விசாரணைக்குச் செவ்வாய்க்கிழமை தேதி வந்தபோது விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "நல்ல நாள்தான்" என்று மூச்சு விட்டார். நல்ல நாள் என்றால் குளிர் வராத நாள்.

திங்கட்கிழமை பேனாவைக் கையில் எடுத்தவர் அப்படியே மேசைமேல் சாய்ந்தார். நான் பிடித்தேன், பிடி நழுவியது. கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்ததை வெளிச்சத்தில் அப்போதுதான் பார்த்தேன். பத்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. கூட ஒருவர் வரலாம் என்றார்கள்.

மறுநாள் விசாரணை நேரத்தில் அவர் கையில் ஊசி வழியாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் சின்ன வயதுப் பெண். கட்டில் ஓரத்தில் ஒரு போனை வைத்து ஒலிபெருக்கியை அழுத்தினார். அதிலிருந்து தமிழ் வந்தது. "வணக்கம். நான் மொழிபெயர்ப்பாளர். நீங்க சொல்றதை அப்படியே சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். "அதே குரல்டா" என்று உதட்டால் மட்டும் சொன்னார். முதல் விசாரணையிலும் இதே அக்காதான் போனில் இருந்திருக்கிறார்.

"ரத்தத்துல மலேரியா இருக்கு" என்றது குரல். "உங்க நாட்டுல இது இல்லை, இங்கேயும் இல்லைன்னு டாக்டர் சொல்றாங்க. எங்க கொசு கடிச்சதுன்னு கேட்கிறாங்க."

"பிளேன்ல கடிச்சிருக்கும்."

போன் அதையும் சொன்னது. டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சில காடுகளில் வழக்கமான மருந்து கேட்காது. அதனால் இடம் தெரிய வேண்டும். இது கல்லீரலில் பதுங்கிக்கொண்டு மாதங்கள் கழித்துத் திரும்ப வரும் வகை. ஈரல் வீங்கி, ரத்தம் பாதியாகிவிட்டது. இன்னும் சில வாரம் இப்படியே போயிருந்தால் பேச ஆள் இருந்திருக்காது. குரல் எல்லாவற்றையும் ஒரே சீராகச் சொன்னது.

அண்ணன் போனை நோக்கிக் குனிந்தார். "அக்கா, டாக்டர்கிட்ட சொல்லாம உங்ககிட்ட மட்டும் ஒண்ணு கேட்கட்டுமா?"

"அண்ணா, நீங்க இப்ப கேட்டதையும் நான் டாக்டர்கிட்ட சொல்லணும்." சொல்லவும் சொன்னார்.

டாக்டர் காத்திருந்தார். அறையில் மூன்று பேரும் ஒரு போனும். அண்ணன் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அந்த நாட்டின் பெயரைச் சொன்னார். ஆறு, கொட்டகை, நான்கு மாதம். குரல் ஒரு மூச்சு அளவு நின்றது. அதன்பிறகு மொழிபெயர்த்தது.

காய்ச்சல் மூன்றாம் நாளே நின்றது. ஆனால் விடுதிக்குத் திரும்பியபோது கடிதம் காத்திருந்தது: விசாரணைக்கு வராத காரணத்தை ஏழு நாளுக்குள் சான்றிதழோடு காட்டாவிட்டால் மனு மூடப்படும். சான்றிதழில் மலேரியா என்று இருந்தது. கொடுத்தால் பொய் வெளியாகும். கொடுக்காவிட்டால் மனுவே இல்லை. வெறும் காய்ச்சல் என்று மாற்றி எழுதித் தருவார்களா என்று போனில் என்னைக் கேட்கவைத்தார். வெறும் காய்ச்சலுக்கு நாலு நாள் கட்டில் தருவார்களா என்று மருத்துவமனையில் திருப்பிக் கேட்டார்கள்.

ஐந்து நாள் அந்தக் காகிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தார். ஆறாம் நாள் காலையில் மனைவியைக் கூப்பிட்டார். எப்போதும் போல ஒலிபெருக்கியில்.

"உங்களுக்குப் பொய் சொல்ல வருமா முதல்ல?" என்றார் அண்ணி. "பால் வாங்க மறந்துட்டு வந்து கடையில பால் தீர்ந்துபோச்சுன்னு சொன்னீங்க. ரெண்டு நிமிஷத்துல மாட்டிக்கிட்டீங்க."

"அது பால். இது உயிர்டி."

"அதைத்தான் நானும் சொல்றேன். பாலுக்கே தாங்கலை. போய்க் கொடுங்க." பிறகு, "திருப்பி அனுப்பிட்டா அனுப்பட்டும், பார்த்துக்கலாம்" என்றார். அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

அன்றே காகிதத்தோடு போனார்; உடனே விசாரணைக்கு உட்காரவைத்துவிட்டார்கள். விசாரணை அறையில் நடந்தது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காகிதத்தைக் கொடுத்ததுமே, அதிகாரி கேட்பதற்குள், முதல் பக்கத்தைத் திருத்த வேண்டும் என்றாராம். அதிகாரி பழைய கோப்பைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். ஏஜெண்ட் பயமுறுத்திய அதே கேள்வி, வார்த்தை மாறாமல் வந்தது: "நான்கு மாதம் அங்கே இருந்தீர்கள். அங்கேயே ஏன் அடைக்கலம் கேட்கவில்லை?"

"அதுக்கு மட்டும் அவன் பதில் சொல்லிக்கொடுக்கலை தம்பி. அதனால நடந்ததைச் சொன்னேன். வெளியில பூட்டியிருந்துச்சு. சாப்பாடு ஜன்னல் வழியா வரும். தகரத்துல ஓட்டை இருந்துச்சு. கொசு வந்துட்டுப் போற அளவுக்கு. ஆள் போற அளவுக்கு இல்லை."

"என்ன சொன்னாங்க?"

"பூட்டு என்ன நிறம்னு கேட்டாங்க. சாவி யார்கிட்டன்னு கேட்டாங்க. கூட இருந்த பத்துப் பேர் எங்கன்னு கேட்டாங்க. ஆறு மணி நேரம். இதை முதல்லயே ஏன் சொல்லலைன்னு மூணு தடவை கேட்டாங்க. பயம்னு மூணு தடவை சொன்னேன்."

"நம்பினாங்களா?"

"டைப் அடிச்சாங்க."

முடிவு தபாலில் வரும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கல்லீரலில் பதுங்கியதற்கான பதினான்கு நாள் மாத்திரையையும் முடித்துவிட்டார். இப்போது எந்த நாளும் நல்ல நாள். எந்த நாளும் ஒரே நாள். தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார். பத்தரைக்கே அண்ணன் படியிறங்கிப் போய், வரவேற்பறை நாற்காலியில் கைகளை முழங்காலில் வைத்து உட்கார்ந்துவிடுகிறார். வாசல் கதவு திறந்துதான் இருக்கிறது. வெளியே ஒரு நடை போய் வரலாமே என்று நான் கூப்பிட்டுப் பார்த்தேன்.

"நீ போயிட்டு வா" என்றார்.