கம்பங்கூழுக்கு யார் சொந்தம்?

சமையல் தொழிலில் அடுப்புச் சூட்டைத் தாங்கிடலாம், ஆளில்லாத கவுண்டரைத் தாங்க முடியாது. கரண்டி பிடிச்சவங்க எல்லாருக்கும் இது தெரியும். தெலுங்குச் சீமையில, மாதாப்பூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் எனக்குக் கம்பங்கூழ் கவுண்டர். மேனேஜர் தெலுங்குக்காரர், நல்ல மனுஷன். ஆனாலும் சொல்லிட்டார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடலேன்னா இங்க நூடுல்ஸ்தான் அம்மா."

பலகை வச்ச கதை

எனக்கு எழுத்து அரைகுறை. வேலைக்கு வர்ற நம்ம ஊர்ப் பொண்ணு கவிதாவைப் பிடிச்சு, 'ஆதித் தமிழர் உணவு, கம்பங்கூழ்'னு பெருசா எழுத வச்சேன். தமிழ்ப் பிள்ளைங்க வந்தாங்க, படிச்சாங்க, போட்டோ எடுத்தாங்க, போயிட்டாங்க. மத்தவங்க நமக்கில்லைன்னு கிட்டவே வரலை. கோயமுத்தூர்த் தம்பி ஒருத்தர் மட்டும் நின்னு சொன்னார்: "ரொம்பப் பெருமையா இருக்குங்க ஆன்ட்டி. எனக்கு ஒரு பிரியாணி வாங்கிட்டேனுங்க."

லட்சுமம்மா சண்டை

தரை துடைக்கிற லட்சுமம்மா பானைக்குள்ள எட்டிப் பார்த்தாங்க. ஒரு டம்ளர் கொடுத்தேன். மோர் மிளகாயைக் கடிச்சுக்கிட்டே குடிச்சு முடிச்சு, பலகையில என்ன எழுதியிருக்குன்னு கேட்டாங்க. சொன்னதும் இடுப்பில கை வச்சுட்டாங்க. அவங்க ஊரில கூழுக்கு அம்பலின்னு பேராம். அவங்க அப்பா வயலுக்குக் கொண்டுபோனது இதுதானாம். 'தமிழர்' என்கிறதை அங்கேயே அழிச்சேன். அப்புறமும் விடலை: "ஏமம்மா, மா அம்பலிக்கி நுவ்வு பேரு பெட்டாவா?" எங்க அம்பலிக்கு நீ பேரு வச்சியான்னு கேள்வி. ஆனா மறுநாள் கூட்டாளிங்க அத்தனை பேரையும் கூட்டிட்டு வந்தாங்க.

நைஜீரியாத் தம்பி

அந்தக் கூட்டத்தைப் பார்த்து, நைஜீரியாவிலிருந்து வந்து வேலை பார்க்கிற யூசுஃபும் டம்ளரை நீட்டினார். ஒரு வாய் குடிச்சார், கண்ணை மூடிக்கிட்டார். அவங்க வீட்டில கம்பு மாவை உருட்டி வேகவச்சு, புளிச்ச பாலில கரைச்சுக் குடிப்பாங்களாம். கவிதா உடனே போனைத் தட்டிப் பார்த்தா. கம்பே ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததாம்! யூசுஃப் சிரிச்சுக்கிட்டே இங்கிலீஷில ஏதோ சொல்ல, கவிதா எனக்குத் தமிழில சொன்னா: "எங்க பொருளை இவ்வளவு நாளா பத்திரமா வச்சிருந்ததுக்கு நன்றிம்மாங்கறார்."

வெள்ளிக்கிழமை

மேனேஜர் வந்தப்ப வரிசை தண்ணீர்க் குழாய் வரைக்கும் நின்னுச்சு. லட்சுமம்மா ஒரு பக்கம், யூசுஃப் ஒரு பக்கம், "எங்களுது, எங்களுது"ன்னு ஒரே சத்தம். இப்ப அந்தக் கோயமுத்தூர்த் தம்பியும் அதில சேர்ந்துக்கிட்டார். மேனேஜர் ஒரு டம்ளரை நிதானமாக் குடிச்சு, மீசையைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னார்: "யாருதா இருந்தாலும் பர்வாலேது, பரவாயில்லை அம்மா. சோமவாரம் ரெண்டு பானை வைங்க."

கூழுக்குச் சொந்தம் கொண்டாடக் கடல் தாண்டிக்கூட ஆள் வந்தாச்சு, சின்ன வெங்காயம் உரிக்கத்தான் இன்னும் ஒருத்தரையும் காணோம்.