மூன்று சுவர் வீடு

மெத்தையின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்திவிட்டு, குழி மேலெழும்பி வரும்வரை பார்த்துக்கொண்டு நிற்கிறார். எழும்பியதும் ஒரு தலையாட்டல், அடுத்த சோபா. கடை திறக்குமுன் தளத்திலுள்ள அத்தனை சோபாக்களுக்கும் இந்த நாடி பார்க்கும் வைத்தியம் நடந்தாக வேண்டும். அதன்பிறகுதான் சீப்பை எடுத்துத் தன் தலையைப் பார்ப்பார்.

சோபா அண்ணன் என்பது கடையில் அவருக்கு விழுந்த பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. "உக்காந்து பாருங்க, வாங்கறது அப்புறம். உக்காரறதுக்கெல்லாம் நாங்க பில் போடறதில்ல" என்று வருகிறவர்களிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி ஒரு கண் சிமிட்டல். பில் போடுகிறவள் நான். ஆயிரமாவது முறை கேட்கும் நகைச்சுவைக்குச் சிரிப்பதும் என் வேலையில் சேர்த்தி.

அவர் மட்டும் உட்காரமாட்டார். விற்கிறவர் பொருளில் உட்காரக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். காலையிலிருந்து நின்றபடி, இந்த முதுகு எப்படித் தாங்கும், அந்தக் கைப்பிடி எவ்வளவு இதம் என்று அனுபவித்துப் பேசுவார். கேட்டால் நமக்கே உட்காரத் தோன்றும்.

அத்தனை பேச்சும் கடையோடு சரி. வீட்டுக்குப் போனால் வாய்க்குப் பூட்டு. கோபமோ வருத்தமோ கிடையாது, வார்த்தை வராது, அவ்வளவுதான். "நீங்க வீட்டுல இருக்கீங்களா இல்லையான்னு செருப்பைப் பாத்துதான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு" என்று ஒருநாள் சொன்ன அவர் மனைவி, மகளை அழைத்துக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அப்போதாவது ஏதாவது சொன்னீர்களா என்று கேட்டேன். "பெட்டியைத் தூக்கிட்டுப் போய் வண்டியில வச்சேன்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

வாடகை வீட்டை விட்டுவிட்டு, கடை மாடியில் வேலையாட்கள் தங்கும் அறைக்கு வந்து சேர்ந்தார். ஓர் அறை, நாலு கட்டில், பொதுவாக ஒரு மின்விசிறி. கல்லூரியில் படிக்கும் மகள் மட்டும் தினமும் போன் செய்வாள். மனசு விட்டுப் பேசப் பழக்குகிற ஒருவரோடு அவரை வீடியோவில் பேசவைக்கும் ஏற்பாட்டைச் செய்ததும் அவள்தான். "வாரம் ஒரு தடவை பேசினா போதும்ப்பா. மனசுல இருக்கிறதை எப்படிச் சொல்றதுன்னு அவங்க பழக்குவாங்க. அம்மா என்ன சொல்லியிருக்காங்க தெரியுமா? யாரோ ஒரு ஆள்கிட்டயாவது அவர் மனசு விட்டுப் பேசட்டும், அப்புறம் நான் வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்காங்க."

வந்து பாக்கறேன். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் சோபா அண்ணன் கிளம்பினார்.

மாடி அறையில் ஒருவர் குறட்டை, ஒருவர் பாட்டு. பேச ஏது இடம்? கீழே எங்கள் தளத்தின் மூலையில் மாதிரிக்காக அமைத்த வரவேற்பறை ஒன்று உண்டு. மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் வாடிக்கையாளர் வந்து நின்று பார்க்கத் திறப்பு. பெரிய சோபா, பக்கத்தில் ஒற்றை நாற்காலி, பிளாஸ்டிக் ஆப்பிள், உள்ளே ஒன்றுமில்லாத அட்டைப் புத்தகங்கள். கடை திறக்குமுன் அங்கே பேசிவிடலாம் என்று முடிவாயிற்று. "யாராச்சும் வந்தா இருமு, தங்கச்சி" என்று என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார். காதில் எதையாவது செருகினால் மூச்சு முட்டுகிறது என்று போனைச் சத்தமாகவே வைத்தார். எனவே நான் ஒட்டுக்கேட்டதாகாது, அதுவாக வந்து காதில் விழுந்தது.

எதிர்முனையில் ஓர் இளம்பெண். அவளுக்கும் தொழில் புதிது போலும். அடிக்கடி தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"நான் டாக்டர் இல்ல சார், கோச்தான். மருந்தெல்லாம் தரமாட்டேன். பேசுவோம், சின்னச் சின்னதா சில விஷயம் செஞ்சு பாப்போம். டாக்டரைப் பாக்கணும்னு தோணினா நானே சொல்லிடுவேன்."

"சரிங்க டாக்டரம்மா."

"உக்காருங்க சார். வயிறு மட்டும்தான் தெரியுது."

என்னைப் பார்த்தார். உட்காருங்கள் என்று கையைக் காட்டினேன். இத்தனை வருடமாக விற்ற சோபாவின் விளிம்பில், பரீட்சை எழுதப் போகிறவர் மாதிரி உட்கார்ந்தார். தொங்கிய விலைச் சீட்டை மெத்தைக்கு அடியில் தள்ளினார்.

"வீடு ரொம்ப அழகா இருக்கு சார். எவ்வளவு புத்தகம்!"

அவர் திரும்பி அட்டைப் புத்தகங்களைப் பார்த்தார். தன் சரக்கை யாராவது புகழ்ந்தால் அவர் மறுத்ததே இல்லை. "ஏதோ, இருக்கிறதை வச்சு..." என்று இழுத்தார்.

"வீட்டுல யார் யார் எங்க உக்காருவீங்க?"

இதற்குத் தடுமாறுவார் என்று நினைத்தேன். தடுமாறவே இல்லை. "அந்த ஒத்தை நாற்காலி அவங்களுது. ஒரு காலை மடிச்சு வச்சுதான் உக்காருவாங்க. பொண்ணு இந்தப் பக்கம். படுத்துக்கிட்டுப் படிக்காதேன்னா கேக்கமாட்டா, மூஞ்சி மேல புத்தகத்தைப் போட்டுக்கிட்டுத் தூங்கிடுவா."

"இப்ப அவங்க எங்க சார்?"

"உள்ள இருக்காங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேசி முடித்ததும் பிடித்துக்கொண்டேன். "என்னண்ணே இது? மனசு விட்டுப் பேசுங்கன்னு அனுப்பினா மெத்தை விக்கறீங்களே?"

"வாய் தவறி வந்துடுச்சும்மா. அடுத்த வாரம் சொல்லிடறேன்."

அடுத்த வாரமும் சொல்லவில்லை. அந்தப் பெண் பாவம், மனைவி உள்ளே இருக்கிறார் என்று நம்பி ஒரு பயிற்சி கொடுத்தாள். தினமும் கொஞ்ச நேரம் அவர் எதிரில் உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சோபா அண்ணன் அதைச் செய்தார். கடை திறக்குமுன் சோபாவில் உட்கார்ந்து, காலியான ஒற்றை நாற்காலியைப் பார்த்துப் பேசினார். "நேத்து ஒரு புதுசா கல்யாணமான ஜோடி வந்துது. அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசல. அவனைத் தனியா கூப்பிட்டு, பேசுடான்னு சொல்லணும்போல இருந்துச்சு." பிறகு, "சாப்ட்டியா?" என்று கேட்டார். வீட்டில் சொல்லாமல் விட்டதையெல்லாம் சேர்த்து வைத்திருந்தார் போலும். கேட்க வேண்டியவர் எங்கோ இருக்க, இங்கே ஒரு நாற்காலி கேட்டுக்கொண்டிருந்தது. அழுகை வந்தது, அழுதேன்.

மகள் போனில் விசாரித்தாள். "அம்மா கேக்கறாங்கப்பா. நிஜமாவே மனசு விட்டுப் பேசறீங்களா?"

"எல்லாம் பேசறேன்" என்றார். போனை வைத்தபின் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த நாற்காலி விற்றுப்போனது. விற்றவர் அவரேதான். வந்த அம்மாள் அதில் உட்கார்ந்து, ஒரு காலை மடித்து மேலே வைத்துக்கொண்டார். சோபா அண்ணன் அந்த மடித்த காலையே பார்த்தார். பிறகு, "இது உங்களுக்குன்னே செஞ்சதும்மா" என்றார். வண்டியில் ஏற்றும்போது தானே ஒரு பக்கம் பிடித்தார்.

மறுநாள் காலை வீடியோ அழைப்பு. அந்தப் பெண் பார்த்தவுடனே கேட்டுவிட்டாள். "அம்மாவோட நாற்காலி எங்க சார்?"

ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். எத்தனை பேரைச் சமாளித்த வாய் அது! தலை குனிந்திருந்ததில் முகம் இருளில் இருந்தது.

"சார்? முகமே தெரியல. பின்னாடி ஜன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கறீங்களா? வெளிச்சம் வரட்டும்."

அந்தத் திரைக்குப் பின்னால் ஜன்னல் கிடையாது. ஜன்னல் இருப்பதுபோலத் தோன்ற, வெறும் சுவர்மேல் தொங்கவிட்டது. படிக்கட்டில் நின்ற நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன், வெயில் கூசும் என்று சொல்லிவிடுங்கள் என்று கண்ணுக்குமேல் கையை வைத்துக் காட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், திரையின் இரண்டு பாதியையும் இரண்டு கைகளால் பிடித்து முழுக்க விலக்கினார். வர்ணம் பூசாத சுவர். தன் முதுகு அதை மறைக்கிறது என்று தெரிந்ததும், அவளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று ஓர் எட்டு தள்ளி நின்றார்.