டீ குடித்துவிட்டுப் படுத்தவன்

ஞாயிற்றுக்கிழமை பகல். இரண்டு மகன்களுக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். பெரியவனுக்குப் பெங்களூரில் வாட்ச்மேன் வேலை போய் ஒரு வாரம். எங்கள் ஊர் மாரிகுப்பத்தில் விடியுமுன் ரயில் ஏற வேண்டியவன், குடித்துவிட்டுத் தூங்கி நாலைந்து தடவை ரயிலை விட்டுவிட்டான். சின்னவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"இன்னா தொர, நாளைக்கும் ஸ்டேஷனுக்குப் போவியா? ரயிலுக்கு டாட்டா காட்ட ஆள் வோணுமே."

"வாய மூட்றா."

"கேட்டைக் காக்க இவனை வெச்சாங்க. இவன் தூங்காம காக்க இன்னொருத்தன வெக்கணும்."

கதவுக்குப் பின்னால் இரும்புக் கம்பி ஒன்று சாய்ந்திருக்கும். என் வீட்டுக்காரர் தங்கச் சுரங்கத்தில் பாறை துளைத்த கம்பியின் துண்டு. பெரியவன் எழுந்து அதை எடுத்ததைப் பார்த்தேன். மிரட்டுகிறான் என்று நினைத்தேன். அடி சின்னவனுடைய இடது காதுக்கு மேலே விழுந்தது. தட்டின் மேலேயே கவிழ்ந்தான். பெரியவன் மறுபடி ஓங்கினான். கையிலிருந்த குழம்புச் சட்டியை அவன் மார்பில் எறிந்தேன். சூடு பட்டு அலறிக் கம்பியைப் போட்டான்.

சின்னவன் செத்தவன் போலக் கிடந்தான். தண்ணீர் தெளித்தோம். கொஞ்ச நேரத்தில் கண் திறந்து, "இன்னாம்மா, குழம்பெல்லாம் கீழ?" என்றான்.

சத்தம் கேட்டு உள்ளே வந்த என் வீட்டுக்காரர் காயத்தில் காப்பித்தூளை அழுத்தினார். வாசல்வரை அவனை நடக்க வைத்துத் திரும்பி வரச் சொன்னார்.

"சுரங்கத்துல தலைல கல்லு வுழுந்தவன், தன் கால்ல நின்னு கேஜ்ல மேல வந்துட்டான்னா பொழைச்சான். தூக்கினு வந்தாதான் பயம். இவன் நடக்கறான் பாரு."

கேஜ் என்பது ஆட்களை மேலே இழுக்கும் கூண்டு. எங்கள் சுரங்க லைன் வீடுகளில் எல்லோரும் நம்பிய பேச்சு அது. நானும் நம்பினேன். பெரியவன் வெட்கப்பட்டுத் தானே டீ போட்டுக் கொடுத்தான். "இது டீயா, கழனித்தண்ணியா?" என்று குடித்துவிட்டுச் சின்னவன் படுத்தான்.

மூன்று மணிவாக்கில் வாந்தி எடுத்தான். தலை வெடிக்கிறது என்றான். பிறகு கூப்பிட்டால் பதில் இல்லை, குறட்டைதான். ஆட்டோவில் பெரியவன் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தன் முகத்திலேயே அறைந்துகொண்டு வந்தான்.

"பாத்ரூம்ல வழுக்கி வுழுந்தான். அவ்ளோதான்," என்று ஆட்டோவிலேயே எங்களுக்குச் சொல்லிவைத்தார் என் வீட்டுக்காரர். "கம்பின்னு எவன்னா வாயத் தொறந்தா போலீஸ் கேஸு. இருக்கறது ரெண்டு புள்ள."

ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா. "விழுந்ததும் மயக்கம் ஆச்சா?"

"இல்லம்மா. குடிச்சிருக்கான், அதான் வாந்தி," என்றார் என் வீட்டுக்காரர்.

டாக்டரம்மா, ட்ரிப் போட்டுப் பார்க்கலாம் என்று எழுதத் தொடங்கினார். சின்னவன் அன்று ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. நான் நாலாவதுவரைதான் படித்தவள். டாக்டர் முன்னால் பேசியதே கிடையாது. என் பிரசவத்துக்குக்கூட வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். 

"கம்பிம்மா," என்றேன். "பெரியவன் அடிச்சான்."

வீட்டுக்காரர் முழங்கையால் என் வாயில் இடித்தார். உதடு கிழிந்தது. ரத்தத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு மீதியையும் சொன்னேன்: "அடிச்சதும் செத்தவனாட்டம் கெடந்தான். அப்புறம் எழுந்து டீ குடிச்சான்."

டாக்டரம்மா பேனாவைப் போட்டுவிட்டு அவன் இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். "எழுந்து நல்லா பேசினாரா? அதைத்தாம்மா முதல்ல சொல்லணும்!"

உடனே ஆம்புலன்ஸில் பெங்களூருக்கு அனுப்பினார்கள். மண்டை எலும்பை அறுத்துத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்தார்கள். மறுநாள் பெரிய டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார். மூளைக்கு மூன்று சவ்வு. ஆட்டு மூளை கழுவும்போது ரத்த நரம்போடு ஒன்றை உரிக்கிறோமே, அது உள்சவ்வு. அதற்கு மேலே சிலந்தி வலை மாதிரி ஒன்று. எல்லாவற்றுக்கும் வெளியே, மண்டையோட்டை ஒட்டித் தடித்த சவ்வு. காதுக்கு மேலே எலும்பு மெல்லிசு. அதன் உட்பக்கம் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. எலும்பு உடைந்து அதைக் கிழித்திருக்கிறது. ரத்தம் எலும்புக்கும் அந்தத் தடித்த சவ்வுக்கும் நடுவே தேங்கித் தேங்கி மூளையை நசுக்கும். தேங்குகிற அந்த நேரம்தான் அவன் எழுந்து பேசிய நேரம். அந்த நேரத்தை நாங்கள் டீ போட்டுக் கழித்தோம்.

பெரியவனைப் போலீஸ் கூட்டிப்போனது. "நீயாம்மா சொன்ன?" என்று மட்டும் கேட்டான். தலையாட்டினேன்.

சின்னவன் ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தான். வலது கை துணி மாதிரி தொங்கியது. சாமான்களின் பெயர் வாயில் வராது, உடனே கெட்ட வார்த்தை வரும். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவன் நினைவில் இல்லை. தினமும் "அண்ணன் எங்க?" என்பான். "வேலைக்குப் போயிருக்கான்," என்பார் அவன் அப்பா.

ஒருநாள் காலை என்னால் முடியவில்லை. "உன்னை அடிச்சிட்டு ஜெயில்ல இருக்கான். நான்தான் சொன்னேன்," என்றேன்.

காப்பி டம்ளர் வந்து என் நெற்றியில் பட்டது. "ஏம்மா சொன்ன?" என்று கத்தினான். வீட்டுக்காரர் அவனைப் பிடித்துக்கொண்டு என்னையும் திட்டினார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. அவன் எறிந்தது அந்த வலது கையால்.